குதிரைக்கு யார் பென்ஷன் கொடுப்பது?

(காணும் பொங்கலன்று நம் வளாக மொட்டை மாடியில் நடந்த சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று ஊருக்குப் போயிருந்தவர்களும் படித்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் இந்த இணைய இதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த நேரம் 20 நிமிடம். அதற்குப் பிறகு உறியடி இருக்கிறது என்பதால் குழந்தைகள் என்னை நீட்ட விடமாட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் விழா நிதியில் செலவு போக 18,400 ரூபாய் மிச்சம் இருக்கிறது. அதை ஏதாவது ஒரு குதிரைக் காப்பகத்துக்கு நன்கொடையாக அனுப்பலாம் என்று போன மாதக் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. ஏன் குதிரை என்று உங்களுக்குத் தெரியும். கார்த்திகை மாதம் நம் பின்பக்கக் காலி மனையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "சார், நீங்கள் பேங்கில் இருந்தவர். பணம் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். விசாரித்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நேற்று மாட்டுப் பொங்கல் கொண்டாடினோம். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை, வாய்க்குப் பொங்கல். குதிரைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஐயனார் கோயில் வாசலில் மண் குதிரைக்கு மரியாதை உண்டு. புரவி எடுப்பு நடத்துகிறோம், மாலை போடுகிறோம். உயிருள்ள குதிரைக்கு வயதாகிவிட்டால் என்ன ஆகிறது என்று மட்டும் நாம் யாரும் கேட்டதில்லை.

நம் மாவட்டத்துக் குதிரைகள்

குதிரை என்றதும் கிண்டி, ஊட்டி ரேஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் திண்டுக்கல் மாவட்டம் குதிரைகள் உழைத்த மாவட்டம். பழநி அடிவாரத்தில் இறங்கினால் வரிசையாகக் குதிரை வண்டிகள் நிற்குமே, அதில் ஏறாத குடும்பம் இங்கே எத்தனை இருக்கும்? நம் ஊரிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் சிறுமலையில், தோட்டத்தில் வெட்டிய வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சையும் பாதை இல்லாத இடங்களிலிருந்து ரோட்டுக்கு வருவது பொதிக் குதிரையின் முதுகில். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரைகள். நத்தம் பக்கத்து மலைக் கிராமத்துக்கு ஓட்டு மெஷினையே குதிரையில் ஏற்றி அனுப்பியதைத் தேர்தல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

நான் 1980களில் வேலை பார்த்த கிளையில் குதிரை வண்டிக் கடன் என்று ஒன்று உண்டு. ஏழைகளுக்கான 4 சதவீத வட்டிக் கடன், பிறகு ஐ.ஆர்.டி.பி. கடன் என்று அந்தக் காலத்து எழுத்தர்களுக்கு நினைவிருக்கும். கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், அதோடு குதிரையும் வண்டியும். லெட்ஜரில் ஒரு பக்கம் கடன்காரர் பெயர். மறுபக்கம் "மட்டக் குதிரை, செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி" என்று அடையாளம். தவணை கட்டக் கட்ட நான் வரவு வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டில் கடன் அடைந்துவிடும். சிவப்பு மையில் கோடு போட்டுக் கணக்கை முடித்துவிடுவோம்.

அந்தக் குதிரைக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். இன்னும் ஏழெட்டு வருஷம் வண்டி இழுக்கும். அதற்குப் பிறகு? நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயது, சில சமயம் 30 வயதுவரை இருக்கும். அப்படியானால் உழைப்பு முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வருஷம் மிச்சம். அந்த வருஷங்களுக்கு எங்கள் லெட்ஜரில் பத்தி கிடையாது. வண்டிக்காரரின் கையிலும் அதற்கான காசு கிடையாது.

எனக்கு பென்ஷன் வருகிறது. 1995இல் வங்கி ஊழியர்களுக்கு அந்தத் திட்டம் வந்தது. மாதக் கடைசியில் போனில் டிங் என்று சத்தம் கேட்டால் வீட்டில் காப்பியில் சர்க்கரை கூடுகிறது. இங்கே பென்ஷன் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். உழைத்தவருக்கு உழைக்க முடியாத காலத்தில் சோறு என்பது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. குதிரைக் காப்பகம் என்பது அதே ஏற்பாடுதான். அடிபட்ட குதிரையைக் காப்பாற்றும் இடம் என்று நாம் நினைக்கிறோம். அது அங்கே நடக்கும் வேலையில் ஒரு சிறு பங்கு. பெரும் பங்கு, காப்பாற்றிய பிறகு பத்து வருஷம் தீனி போடுவது.

காலி மனையில் நின்ற குதிரை

வண்டிக்காரர்களைத் திட்டுவது சுலபம். பழநி கிரிவீதியில் இப்போது தனியார் வாகனங்கள் போக முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கோயிலின் பேட்டரி கார்கள் ஓடுகின்றன. நடந்து கிரிவலம் வருபவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் குதிரையின் கொள்ளும் தவிடும் சவாரிக் காசில்தான் வர வேண்டும். 2020 ஊரடங்கில் சவாரி அடியோடு நின்றபோது கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மெரினாவிலும் குதிரைக்காரர்கள் தங்களுக்கே அரிசி இல்லாமல் நின்றார்கள். வருமானம் நின்றால் முதலில் குறைவது வயதான குதிரையின் தீனி. அடுத்து, ஒரு நாள் ராத்திரி கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். ஊட்டி டவுனில் குப்பைத் தொட்டியை மேய்ந்துகொண்டு திரியும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள்.

அப்படி யாரோ அவிழ்த்துவிட்ட ஒன்றுதான் நம் காலி மனைக்கு வந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, முதுகில் பழைய சேணப் புண்ணோடு ஒரு கிழட்டுப் பெண் குதிரை. முன்னங்கால் லாடம் தேய்ந்து தகடாக இருந்தது. குழந்தைகள் ராணி என்று பெயர் வைத்தார்கள். எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு போயிற்று. இட்லி, பரோட்டா, பக்கத்து மண்டபத்துச் சாம்பார் சாதம். நான்காம் நாள் சாயங்காலம் அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, வியர்த்தது, கீழே விழுந்து புரண்டது. 1962க்குப் போன் செய்தோம். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியும் முன் போய்விட்டது. பேரூராட்சியில் சொல்லி ஜேசிபி வரவழைத்துப் புதைத்தோம். அன்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுத பிள்ளைகள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பசித்த வாயைக் கண்டால் சோறு போடுவது நம் வளர்ப்பு. ஆனால் குதிரையின் வயிறு மாட்டு வயிறு இல்லை. மாட்டுக்கு நாலு அறை, அசை போடும். குதிரைக்கு ஒரே சின்ன இரைப்பை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் தின்பதற்கென்று அமைந்தது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. மாவுப் பண்டம் நிறையப் போனால் உள்ளே புளித்து, காற்று அடைத்து, வயிற்றுவலியிலேயே உயிர் போய்விடும். இதை அந்த மருத்துவர் எங்களிடம் பொறுமையாக விளக்கினார்.

இது புதிய கதையும் இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையே எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய மன்னரும் அவருடைய சகோதரர்களும் அரேபியக் குதிரைகளை ஆளுக்கு 2,000, அதற்கும் மேல் என்று வருஷா வருஷம் வாங்கினார்களாம். வருஷ முடிவில் நூறு கூட மிஞ்சாதாம். காரணமும் சொல்கிறார்: இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள். கஜானாவில் பணம் இருந்தது, வாங்கவும் முடிந்தது. வைத்துக் காப்பாற்றும் வேலைக்குத்தான் ஆள் இல்லை.

காப்பகத்தில் ஒரு நாள்

அந்த வேலையைச் செய்யும் இடங்கள் சில நம் மாநிலத்தில் உண்டு. சென்னை அயனாவரத்தில் 1906இல் தொடங்கிய மெட்ராஸ் பிஞ்சராபோல் மாடுகளுக்கு. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் எல்லாப் பிராணிகளுக்கும். குதிரை, கழுதை என்று பார்த்தால் நீலகிரி மாவட்டத்தில் மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ஒன்று இருக்கிறது. 'இந்தியா பிராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்', சுருக்கமாக ஐபேன் என்ற அமைப்பு நடத்தும் ஹில் வியூ ஃபார்ம் காப்பகம். 1990களில் தொடங்கியது. முதுமலைக் காட்டை ஒட்டிய இடம்; ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வரும். வேலைக்கு உதவாமல் போன குதிரைகள், மட்டக் குதிரைகள், கழுதைகள், மாடுகள், நாய்கள் அங்கே இருக்கின்றன. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு கால்நடை மருத்துவச் சேவை அமைப்போடு சேர்ந்து, மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் நடக்கிறது.

குதிரைக் காப்பகம் எங்கே இருந்தாலும் அன்றாடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். விடிந்ததும் முதல் வேலை எண்ணுவது. நாங்கள் காலையில் பெட்டகத்தைத் திறந்து கட்டுகளை எண்ணுவோமே, அது மாதிரி. எல்லாம் நிற்கின்றனவா, ஏதாவது படுத்தபடி எழாமல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது, லத்தியைப் பார்ப்பது. ராத்திரி லத்தி போடவில்லை என்றால் வயிற்றில் கோளாறு. அனுபவமுள்ள லாயக்காரர் குதிரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்ப்பார்.

பிறகு தண்ணீர். ஒரு குதிரை நாளுக்கு 25 லிட்டர், வெயில் காலத்தில் 40 லிட்டர்கூடக் குடிக்கும். அடுத்து புல். கிழட்டுக் குதிரைக்குப் பல் தேய்ந்துபோயிருக்கும். மென்று பார்த்துவிட்டு உருண்டையாகத் துப்பிவிடும். அதற்குத் தவிட்டையும் ஊறவைத்த தீவனத்தையும் கூழாகக் கரைத்துத் தனியாக வைக்க வேண்டும். பக்கத்துக் குதிரை வந்து தின்றுவிடாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும். ஒரு குதிரைக்குக் கூழ் ஊட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகலாம்.

வெயில் ஏறும் முன் புண் கட்டுவார்கள். சேணப் புண், கயிறு அறுத்த புண், லாரி இடித்த கால். குளம்பைத் தூக்கி அடியில் சிக்கிய கல்லையும் சகதியையும் நோண்டி எடுப்பது தினசரி வேலை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும். விட்டால் நம் நகம் மாதிரி வளர்ந்து, நடையே கோணிப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை பல்லை அரம் வைத்து ராவ வேண்டும். குடற்புழு மருந்து, தனுர்வாத ஊசி. நடுவில் லத்தி அள்ளுவது. ஒரு சின்னக் குதிரையே தினம் பத்துக் கிலோவுக்கு மேல் போடும். காட்டோரத்தில் இருக்கும் காப்பகம் என்றால் சிறுத்தைக்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, மறுபடியும் எண்ண வேண்டும்.

ஞாயிறு, தீபாவளி, தேர்தல் எதற்கும் லீவு கிடையாது.

கணக்கைப் பார்ப்போம்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு குதிரைக்கு மாதம் எவ்வளவு? விலை ஊருக்கு ஊர் மாறும். மாதிரிக் கணக்கு ஒன்று போடுகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மட்டக் குதிரையின் எடை 250 கிலோ என்று வைப்போம். காய்ந்த தீனிக் கணக்கில் உடல் எடையில் 2 சதவீதம் வேண்டும். நாளுக்கு 5 கிலோ. கிலோ 10 ரூபாய் என்றால் மாதம் 1,500. தவிடு, கொள்ளு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு கிலோ, 40 ரூபாய், மாதம் 1,200. மருந்து, குளம்பு, பல், ஊசி என்று மாதச் சராசரி 600. பத்துக் குதிரைக்கு ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் 15,000 என்றால் ஒரு குதிரையின் பங்கு 1,500. ஆக 4,800 ரூபாய்.

இப்போது நம் 18,400ஐப் பாருங்கள். ஒரே ஒரு குதிரைக்கு நாலு மாதம்கூட வராது. அந்தக் குதிரை பத்து வருஷம் இருந்தால் தேவை 5,76,000. ஒரு தரம் செக் கொடுத்து, போட்டோ எடுத்து, ஃபிளெக்ஸ் வைத்துவிட்டு நாம் வந்துவிடலாம். ஐந்தாவது மாதம் அந்தக் குதிரை என்ன தின்னும்?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைக் கேலி செய்கிறோம். நன்கொடை விஷயத்தில் நாமும் அப்படித்தான். ரத்தம் சொட்டும் குதிரையின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தால் பர்ஸ் திறக்கிறது. வைக்கோல் பில்லைக் காட்டினால் மூடிக்கொள்கிறது. காப்பகம் நடத்துபவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் மறுபடி மறுபடி ரத்தப் படமே வருகிறது. வைக்கோல் பில்லுக்குக் கொடுக்க நாம் தயாராக இருந்தால் அவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படாது.

பணம் திரட்டிய கதைகள்

உலகத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ராணுவக் குதிரைகளை பிரிட்டிஷார் எகிப்திலேயே விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1930இல் கெய்ரோவுக்கு வந்த டோரத்தி புரூக் என்ற அம்மையார், அந்தக் குதிரைகள் பன்னிரண்டு வருஷம் கழித்தும் கல் வண்டி இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு வந்த நன்கொடையில் சில ஆண்டுகளில் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை எழுந்து நிற்கவும் முடியாத கிழங்கள். சில நாள் வயிறாரத் தீனி போட்டு, வலியில்லாமல் கண்மூட வைத்தார்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல கடிதம், அவ்வளவுதான். 1934இல் கெய்ரோவில் ஒரு இலவசக் குதிரை மருத்துவமனை தொடங்கினார். கிழமாகிக் கைவிடப்படும் வரை காத்திருக்காமல், உழைக்கிற குதிரைக்கு இப்போதே லாடமும் மருந்தும் கொடுத்தால் குதிரையும் தேறும், வண்டிக்காரன் குடும்பமும் தேறும் என்பது அவர் கண்டுகொண்டது. அவர் பெயரில் உள்ள அமைப்பு இன்றும் நம் வட மாநிலங்களில் செங்கல் சூளைக் குதிரைகள், கோவேறு கழுதைகள் நடுவே வேலை செய்கிறது.

இன்னொரு அம்மையார் எலிசபெத் ஸ்வெண்ட்சன். 1969இல் இங்கிலாந்தில் கழுதைகளுக்குக் காப்பகம் தொடங்கியவர். 1974இல் ஒரு பெண்மணி இறந்தபோது உயிலில் இவருக்கு எழுதி வைத்ததைப் படித்துக் காட்டினார்கள். நமக்கு உயிலில் வீடு வரும், நகை வரும். அவருக்கு வந்தது 204 கழுதைகள்! அத்தனைக்கும் தீனி போட்டாக வேண்டும். ஆளுக்கு ஒரு கழுதையைத் தத்து எடுத்துக்கொள்ளுங்கள், சிறு தொகை அனுப்புங்கள், அதன் படமும் சேதியும் உங்களுக்கு வரும் என்ற முறை அங்கே நன்றாக வேரூன்றியது. இன்று அது உலகத்தின் பெரிய பிராணிகள் நல அமைப்புகளில் ஒன்று. அங்கே வரும் பணத்தில் பெரும் பங்கு, சாதாரண மக்கள் உயிலில் எழுதி வைத்துப் போனது.

நம் நாட்டில் நிலைமை வேறு. வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதே, நம் நூறு ரூபாய் எதற்கு என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்லும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் முதலில் ஸ்டேட் பேங்கின் புதுதில்லி மெயின் பிராஞ்சுக்குத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. முன்பு 50 வரை எடுக்கலாம். பணத்துக்குக் கணக்கு கேட்பதை ஒரு பேங்க்காரனாக நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவே இல்லாத சின்னக் காப்பகத்துக்குப் பெரிய அமைப்பு வழியாக வரும் வாய்ப்பு போய்விட்டது. அவர்கள் உள்ளூர்க் காசை நம்பித்தான் இருக்கிறார்கள். கம்பெனிகளின் 2 சதவீத சமூகப் பொறுப்பு நிதியில் பிராணிகள் நலமும் ஒரு இனம்தான். ஆனால் கம்பெனிகளுக்குக் கட்டடம், ஆம்புலன்ஸ் மாதிரி பெயர் எழுதக்கூடிய பொருள் வேண்டும். வைக்கோலில் பெயர் எழுத முடியாது.

வரிச்சலுகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 80ஜி ரசீது கொடுத்தால் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு. ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் கிடையாது. புது வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. நம் வளாகத்தில் பாதிப் பேருக்கு அந்த ரசீது உதவாது. வரிக்காகக் கொடுப்பதாக இருந்தால் இப்போதே விட்டுவிடலாம்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எந்தக் காப்பகமாக இருந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் காட்டுவார்களா? இரண்டு, இப்போது எத்தனை பிராணிகள், எத்தனை ஆட்கள்? ஐம்பது குதிரைக்கு இரண்டு ஆள் என்றால் கூழ் ஊட்ட யாரும் இல்லை என்று அர்த்தம். மூன்று, கால்நடை மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? நான்கு, போன வருஷம் எத்தனை இறந்தன? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் எண்ணிக்கை சொல்லும் இடத்தை நம்பலாம். கிழமும் நோயுமாக வருபவை இறக்கத்தான் செய்யும். யாருமே சாகவில்லை என்று சொல்லும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு குதிரையின் பெயரில் நாம் கொடுத்தாலும் பணம் பொதுவில்தான் சேரும். அது நியாயமும்கூட. அழகான குதிரைக்குப் பத்து பேர் கொடுப்பார்கள். ஒரு கண் போன குதிரைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டும் தின்ன வேண்டுமே.

மனிதனுக்கே இல்லாதபோது குதிரைக்கா என்று ஒரு அக்கா கேட்டார். சரியான கேள்வி. என் பதில் இதுதான்: நம் வாட்ச்மேனுக்கும் துப்புரவு அக்காக்களுக்கும் கொடுப்பதில் ஒரு ரூபாய் குறைத்து இதற்குக் கொடுக்கக் கூடாது. யாருக்காவது இது சுமை என்றால் அவர்கள் கொடுக்க வேண்டாம், ஏன் என்று யாரும் கேட்கவும் கூடாது. மிச்சம் இருக்கும் கையிலிருந்து வருவது போதும்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதன் பலனாக 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1965 விதிகளின்படி மட்டக் குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிராணியைப் பட்டினியில் தெருவில் விடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்கு இன்று ஒரு கட்டு வைக்கோல் வருமா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் யோசனை

நம் வளாகத்தில் 48 வீடு. நாலு பூட்டிக் கிடக்கின்றன. மிச்சம் 44 வீட்டுக்கு 4,800 ரூபாயைப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு மாதம் 110 ரூபாய்க்குள். முப்பது வீடு சேர்ந்தால் 160. பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்க்க வேண்டாம்; விருப்பப்பட்டவர்கள் தனியாக, மாதம் முதல் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். ஞாபகம் வைத்துக் கொடுக்கும் பணம் மூன்றாவது மாதம் மறந்துவிடும். இதை 37 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

18,400ஐ அப்படியே வைத்திருப்போம். ஏதாவது மாதம் வசூல் குறைந்தால் அதிலிருந்து ஈடுகட்டி, காப்பகத்துக்குப் போகும் தொகை குறையாமல் பார்த்துக்கொள்வோம். முதலில் ஒரு வருஷம். அடுத்த காணும் பொங்கலன்று கணக்கை இதே மாடியில் படிப்போம். தொடரலாமா வேண்டாமா என்று அப்போது கை தூக்குவோம். எந்தக் காப்பகம் என்பதை, அந்த நான்கு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு கமிட்டி முடிவு செய்யட்டும். போய்ப் பார்த்துவர இரண்டு பேர் வேண்டும். நான் வரத் தயார். இன்னொருவர், குழந்தைகளின் அம்மா யாராவது வந்தால் நல்லது.

கடைசியாகக் குழந்தைகளுக்கு. இனிமேல் தெருவில் ஒரு குதிரை நின்றால் என்ன செய்ய வேண்டும்? முதலில் பின்பக்கமாகப் போகக் கூடாது, உதைக்கும். வாளியில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். பச்சைப் புல்லோ காய்ந்த புல்லோ கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். சோறு, இட்லி, பிரெட், பிஸ்கட் வேண்டவே வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி 1962க்குப் போன் போடச் சொல்லுங்கள். வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலோ தரையில் புரண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சரியா?

விருப்பமுள்ள வீடுகள் தை மாதம் முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நோட்டு கீழே செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. இப்போது உறியடிக்குப் போகலாம்.